உப்புப் பூத்த சுவர்

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் செல்பேசியில் அவர்கள் அதிகம் கொண்டு திரும்புவது இடிந்த தேவாலயத்தின் படங்களை. கூரை கிடையாது. கதவு, சன்னல் எதுவும் மிஞ்சவில்லை. அரைகுறையாக நிற்கும் சுவர்கள், அவற்றில் வளைவு வளைவாகத் திறப்புகள், திறப்புகளின் வழியே நீல வானமும் வெள்ளை மணலும். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் படம் நன்றாக வந்துவிடும்.

நானும் அப்படித்தான் ஒருமுறை போய், படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு, வேறு வேலையில்லாமல் சுவரில் கையை வைத்தேன். உள்ளங்கையில் மாவு போல ஏதோ ஒட்டியது. விரல் நுனியை நாக்கில் வைத்தேன். உப்பு. சின்ன வயதில் பின்கட்டுச் சுவரைச் சுரண்டித் தின்று அடி வாங்கியவனுக்கு அந்தச் சுவை புதிதில்லை. குனிந்து சுவரை உற்றுப் பார்த்தபோது கண்டதுதான் புதிது. கல் முழுக்கப் பொத்தல்கள். சில கற்களில் ஊசியால் குத்தியது போல, சிலவற்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வட்டமாக, நடுவிலிருந்து நாலாபுறமும் மெல்லிய கோடுகள் விரியும் பூவின் வடிவில். வெயிலும் மழையும் இத்தனை ஒழுங்காகக் குடையாது. அவை அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்தது.

அந்தத் தேவாலயத்துக்கான கல் மலையிலிருந்து வரவில்லை, கடலிலிருந்து வந்தது. மணலைத் தவிர வேறெதுவும் அகப்படாத கரையில் பவளப்பாறையை வெட்டிச் சுவர் எழுப்புவது பழைய வழக்கம். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்திலும் உண்டு; அங்கே அதற்கு முருகைக்கல் என்று பெயர். பவளம் பாறையும் அல்ல, செடியும் அல்ல. சொறிமீனுக்கு உறவான சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டுக் குடியிருப்பு. கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணச் சத்தை எடுத்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் மேல் கிண்ணமாகக் குடியிருப்பு உயரும். கட்டடத்துக்கு உதவும் பாறாங்கல் போன்ற பவள வகைகள் ஓராண்டில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியானால் 30 சென்டிமீட்டர் கல் ஒன்று சுமார் 30 வருட உழைப்பு. அதை மெல்லிய வில்லையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால், மரத்தை வெட்டினால் தெரியும் ஆண்டு வளையங்களைப் போலவே அடர்த்தியும் மென்மையும் மாறிமாறி வரும் பட்டைகள் தெரியும். எந்த ஆண்டு நன்றாக வளர்ந்தது, எந்த ஆண்டு சுணங்கியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

ஆளில்லாத கட்டடம் என்கிறோமே, உண்மையில் அது கட்டப்படும் முன்பே ஒருமுறை குடி காலியான கட்டடம்.

ஊரின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னை எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் வந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. ஒரே டிக்கெட்டில் இரண்டு நாடு, நடுவில் ஒரு கடல். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த சுறுசுறுப்பான ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயலோடு கடலும் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலை அள்ளிக்கொண்டு போனது. ஒருவரும் பிழைக்கவில்லை. சேதமான பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்கள் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் சில அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் இன்றும் குடிசை போட்டு இருக்கின்றன.

இந்த ஊரில் அண்ணனையோ தங்கையையோ இழந்தவரிடம் போய் ‘இடிந்த சுவர் எவ்வளவு அழகு’ என்று சொல்ல எனக்கு நா எழாது. நான் சொல்ல வருவது அந்த ஓர் இரவைப் பற்றியதும் அல்ல. அந்த இரவு கட்டடத்தை உடைத்தது, அவ்வளவுதான். இன்று நாம் நின்று பார்க்கும் அழகை அதன் பிறகு வந்த அறுபது வருடம் செய்திருக்கிறது. புயல் கலைஞன் இல்லை, உப்புதான் கலைஞன்.

முதலில், எது மிஞ்சியது என்று பாருங்கள். ஓடு போயிற்று, உத்தரம் போயிற்று, கதவும் நிலையும் போயின. ஆனால் கதவு இருந்த இடத்தின் வளைவு நிற்கிறது. உலகில் எந்த இடிபாட்டுக்குப் போனாலும் இதே கதைதான்: சுவர் பாதி கரைந்திருக்கும், வாசல் வளைவு மட்டும் அசையாமல் இருக்கும். காரணம் எளிது. கல் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. சதுர வாசலுக்கு மேல் படுக்கவைத்த கல்லின் அடிப்பக்கம் பாரத்தில் இழுபடும். ஒருநாள் விரிசல் விடும். வளைவில் எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. பக்கத்துக் கல்லை அமுக்கிக்கொண்டு, அதனால் அமுக்கப்பட்டுக்கொண்டு இருக்கும். எந்த வடிவ வளைவு சிறந்தது என்பதை இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஒரு சங்கிலியைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டார். சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு வளைவு கிடைக்கிறதல்லவா, அதை அப்படியே தலைகீழாக்கினால் அதுதான் கல் வளைவு. தொங்கும்போது எங்கும் இழுவை. கவிழ்த்தால் எங்கும் அமுக்கம். 1675இல் ஹூக் இதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராகத்தான் அச்சிட்டார், யாரும் திருடிவிடக் கூடாதே என்று. விடை வெளியானது அவர் இறந்த பிறகு.

ஆக, காலம் தின்றது சுவரை. மிச்சம் வைத்தது திறப்பை. எது ஓட்டையோ அதுதான் நிலைத்தது.

அடுத்தது கற்களைப் பிடித்துவைத்திருக்கும் சுண்ணாம்பு. நம் கொத்தனார்கள் பல தலைமுறைகளாகக் கையாண்டு வந்த இந்தப் பொருளின் ரசாயனம், எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு மந்திர வித்தை மாதிரிதான் தெரிகிறது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் போட்டு 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுடுவார்கள். 100 கிலோ சுண்ணக் கல்லில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, சீறி, நீறிப் பூவாகும். மணலும் கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து நாள்கணக்கில் புளிக்கவைத்து அரைத்தால் சாந்து. சுவரில் ஏறிய சாந்து அதன் பிறகு செய்வதுதான் விந்தை. காளவாயில் இழந்த அந்த வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வாங்க வாங்க மறுபடி கல்லாகும்.

கல்லைச் சுட்டு, மாவாக்கி, வேண்டிய வடிவில் பூசி, மறுபடி கல்லாக்கும் வேலை இது. மேல்பூச்சு சில மாதங்களில் இறுகிவிடும். கனத்த சுவரின் நடுப்பகுதிவரை காற்று போய்ச் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். கொத்தனார் கரணையைக் கழுவி வைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகும், அவர் பேரன் காலம் வரைக்கும் சுவர் தன்னைத்தானே கட்டிக்கொண்டிருக்கும். நடுவில் மயிரிழை விரிசல் விட்டால், மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போய் அந்த விரிசலிலேயே படியவைத்து அடைக்கும். தனுஷ்கோடித் தேவாலயத்தில் கல்லும் கடலில் பிறந்த சுண்ணம், கல்லைப் பிணைக்கும் சாந்தும் சுண்ணம்.

இனி உப்பு. தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல. கடற்காற்றும் தன் பங்குக்குத் துளித்துளியாக உப்புநீரைத் தெளிக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்பு சுவரின் மேற்பரப்பில் பூத்தால் கவலையில்லை. துடைத்தால் போகும், நாக்கில் வைத்தால் கரிக்கும், அவ்வளவே. ஆபத்து, அது கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகும்போது. படிகம் வளர இடம் கேட்கும், துளையின் சுவரை நெட்டித் தள்ளும். ஒருநாள் தள்ளினால் ஒன்றும் ஆகாது. ஆனால் சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசிந்து கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான். கடற்கரையில் பல நாட்களில் காற்று இரவில் அந்தக் கோட்டைத் தாண்டும், நண்பகலில் கீழே இறங்கும். சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைகிறது, பகலில் முளைக்கிறது. ஒவ்வொரு முளைப்பும் ஒரு சின்ன உளியடி. அறுபது வருடத்துக்கு எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரடுமுரடாக, தேனடை போல, ஓரங்கள் மழுங்கி அந்தச் சுவர் இன்று இருக்கும் தோற்றம் இப்படி வந்தது. உப்பு சமமாக அரிப்பதில்லை. நெகிழ்ந்த இடத்தில் ஆழமாக, இறுகிய இடத்தில் மேலோட்டமாக அரிக்கும். பூச்சு உதிர்ந்ததும் பவளத்தின் கிண்ணங்கள் வெளிப்பட்டன. தேவாலயம் பூசி மெழுகி வெள்ளையடித்து நின்ற நாளில் உள்ளே மண்டியிட்டு வேண்டிய எவருக்கும் அந்தப் பூக்கள் தெரிந்திருக்காது. முழுக் கட்டடம் தன்னை மறைத்துக்கொள்கிறது. இடிந்த பிறகுதான் எதனால் செய்தது, எப்படிச் செய்தது, எந்தக் கல் எதன்மேல் உட்கார்ந்தது எல்லாவற்றையும் திறந்து காட்டுகிறது. இடிபாடுகள் நம்மை இழுப்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்கு இந்த ஒன்று போதும்.

நாம் இடிபாட்டை ரசித்து வளர்ந்தவர்கள் அல்ல. பாழ் என்ற சொல்லே நமக்கு ஆகாது. பாழ் மண்டபம் என்றால் பேய், பாம்பு, பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகாதே. கோயிலுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு. பழசு பழசாகவே இருக்க விடமாட்டோம். சங்கப் புலவர்கள் பாழ்பட்ட மன்றங்களைப் பாடினார்கள், ஆனால் பெரும்பாலும் அவை பகையரசன் அழித்த ஊர்களின் மன்றங்கள். அங்கே இரக்கமும் அச்சமும் உண்டு, ரசனை குறைவு. ஐரோப்பியர்கள் வேறு மாதிரி. 1796இல் ஓவியர் உபேர் ரொபேர், பாரிசின் லூவ்ரு மாளிகையின் பெரும் கூடம் கூரை இடிந்து வானம் பார்க்கக் கிடப்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். லூவ்ரு அப்போது நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டத்தில் இடிந்த கோட்டைகளைப் புத்தம் புதிதாகவே கட்டிக்கொண்டார்கள். பாதி கோபுரம், விழுந்த சுவர் எல்லாம் ஆள் வைத்துக் கட்டியது. காசு அதிகமானால் பாழுக்கும் ஆசை வரும் போலிருக்கிறது.

ஆனால் அந்த மோகம் ஒரு நல்ல காரியமும் செய்தது. ரோமின் கொலோசியத்தில் முளைத்திருந்த செடிகளை மட்டும் எண்ணி ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரே கட்டடத்தில் 420 வகைத் தாவரங்கள்! அடித்தளத்தில் நிழலும் ஈரமும், உச்சியில் வெயிலும் காற்றும், நடுவில் ஒவ்வொரு மாடத்துக்கும் ஒரு தனித் தட்பவெப்பம். ஒரு கட்டடம் இடிந்ததும் மலைச்சரிவாகிவிடுகிறது. பிறகு 1870களில் தொல்லியலாளர்கள் சுவரைக் காப்பதற்காக அத்தனையையும் பிடுங்கி எறிந்தார்கள். அவர்கள் செய்தது தவறென்று சொல்ல முடியாது. வேர் சுவரைப் பிளக்கும். இருந்தாலும் அந்தப் புத்தகம் இல்லையென்றால் அங்கே ஒரு காடு இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

நம் ஊரில் அந்தக் காட்டை நட்டுவைப்பது குயிலும் மைனாவும். அரசம்பழம், ஆலம்பழம் தின்று பறவை எச்சமிடுகிறது. கடுகைவிடச் சிறிய விதை காரை இடுக்கில் ஒட்டுகிறது. ஏன் அது மண்ணைத் தேடுவதில்லை? காட்டில் ஆலும் அரசும் பெரும்பாலும் வேறொரு மரத்தின் கிளைக்கவட்டில்தான் முளைக்கும். வெளிச்சம் அங்கேதான் முதலில் கிடைக்கும். பழைய சுவர் அதற்கு ஒரு பெரிய மரம், சுண்ணாம்புச் சாந்து ஈரம் பிடித்துவைக்கும் பட்டை. அதே சாந்தை விரும்பி ஒரு பெரணியும் வரும், கிணற்றுச் சுவரிலும் பழைய மதிலிலும் சீப்பு போன்ற இலைகளோடு தொங்கும். சுண்ணத்தில் செழிக்கும் இந்தப் பெரணி மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலைகளில் குவித்துக்கொள்கிறது என்று 2001இல் கண்டறிந்தார்கள். வீட்டுக்காரர் திட்டிக்கொண்டே பிடுங்கி எறியும் செடி! கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய தா புரோம் கோயிலில் வேர்கள் கற்களைப் பிளந்தும் இருக்கின்றன, பிளந்த கற்களை விழாமல் கட்டிப் பிடித்தும் இருக்கின்றன. அங்கே மரத்தை வெட்டினால் கோயில் சரியும், விட்டுவைத்தாலும் ஒருநாள் சரியும்.

எல்லா இடிபாடும் காலத்தின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த கங்கைகொண்டசோழபுரத்தில், அரண்மனை நின்ற மாளிகைமேட்டில் இன்று செங்கல் அடித்தளங்கள் மட்டுமே. கோயிலின் விமானம் நிற்கிறது, சுற்று மதிலும் கோபுரமும் பெரும்பகுதி இல்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டும்போது கல் தேவைப்பட்டது; ஆங்கிலேயப் பொறியாளர்கள் இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள். கொலோசியத்துக்கும் இதே கதிதான். நிலநடுக்கத்தில் விழுந்ததை ரோம்காரர்கள் வண்டிவண்டியாக எடுத்துப் போய் வீடும் மாளிகையும் கட்டினார்கள். கோபப்படலாம், நானும் பட்டேன். ஆனால் கீழணையிலிருந்துதான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. ஏரி வெட்டிய சோழர்களின் கல் இன்றும் ஏரிக்குத் தண்ணீர் திருப்பும் வேலையில் இருக்கிறது என்றால், அதை முழு நஷ்டம் என்று எழுதிவிட மனம் வரவில்லை.

நாம் இன்று கட்டும் வீடுகள் இப்படி அழகாக இடியுமா? இடியாது என்பதே என் கணிப்பு; அதற்கும் காரணம் அதே ரசாயனம்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது, புதுச் சிமென்டின் கடுமையான காரத்தன்மையால். கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை அது உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தணித்துவிடும். படலம் போகும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்தது. சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடலோரமென்றால் உப்பும் சேர்ந்துகொண்டு இதை விரைவுபடுத்தும். எந்தக் காற்றைக் குடித்துச் சுண்ணாம்புச் சுவர் கல்லாகிறதோ, அதே காற்றுதான் நம் மொட்டைமாடிக்கு எமன். ஐம்பது வருட அடுக்குமாடியில் பால்கனி அடியில் கம்பி எலும்பாகத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் வளைவும் இல்லை, தேனடையும் இல்லை. புண் மட்டும்தான்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பழைய சுவரைப் பழுதுபார்க்கச் சிமென்ட் பூசுகிறார்கள். சிமென்ட் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மாட்டிய உப்புநீர் வேறு வழி தேடி, மென்மையான பழைய கல்லின் வழியாக வெளியேறும், படிகமாவதும் அங்கேயே. பூச்சு புதுசாக நிற்கும், பின்னாலுள்ள கல் மாவாகும். பழைய கொத்தனாரின் கணக்கு நேர் எதிர்: சாந்து கல்லைவிட நெகிழ்ந்திருக்க வேண்டும், அரிப்பது சாந்தை அரிக்கட்டும், சில வருடத்துக்கு ஒருமுறை சாந்தை மாற்றிக்கொள்ளலாம். தனுஷ்கோடி அழிந்த அதே 1964இல், மே மாதம் வெனிஸ் நகரில் கூடிய கட்டடக் கலைஞர்கள் பழங்கட்டடங்களைக் காப்பதற்கான சாசனம் ஒன்றை எழுதினார்கள். ஊகத்தால் நிரப்பிப் புதுப்பிக்காதே என்பது அதன் சாரங்களில் ஒன்று. தேவாலயத்துக்கு ஓடு வேய்ந்து, வெள்ளையடித்து, கதவு வைக்க வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தால் இடுக்குகளை அடைத்து, வளைவுகளின் மேல் மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டாலே அதன் ஆயுள் நீளும்.

அடுத்த முறை தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். காலைச் சாய்வு வெயிலில் சுவரை நெருங்கிப் பாருங்கள், பவளக் கிண்ணங்கள் நன்றாகத் தெரியும். ஆணியால் பெயர் கீற வேண்டாம்; 30 வருடம் வளர்ந்த கல்லில் அரை நிமிடத்தில் ஓர் இனிஷியல் போட்டுவிடலாம், அழிக்க முடியாது. உதிர்ந்து கிடக்கும் துண்டை நினைவுப் பொருளாக எடுத்துவரவும் வேண்டாம். பவளம் 2001 முதல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கும் அதே அட்டவணையில்.